கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு: தாளம் விலகினால் சரிசெய்வது எப்படி?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பாட்டுப் பதிவு செய்கிறார்கள். ஒருவர் பாடுகிறார். இன்னொருவர் வேறொரு நாள் வந்து வாசிக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பாட்டு ஒரு பக்கமும் மிருதங்கம் ஒரு பக்கமும் போகிறது. இதற்கு என்ன செய்வது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நான் சங்கீதம் படித்தவன் அல்லன். டிப்ளமோ முடித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிராக் என்றால் எனக்குத் தண்டவாளம்தான். பாட்டிலும் டிராக் உண்டு என்பது அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

என் மனைவி இந்த ஊர்க் குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு பேசலாம், பழையபடி பாடுவது கஷ்டம் என்றும் சொன்னார். நவராத்திரி வந்தது. கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து 40 நிமிடம் பாடினாள். மகள் வயலின் வாசித்தாள். பாட்டைக் கம்ப்யூட்டரில் மைக் வைத்து நான் பதிவு செய்தேன். வயலின் பக்கத்தில் மகளுடைய போன் தனியாகப் பதிவு செய்தது. அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் பாட்டை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மிருதங்கம் வாசித்துக் கொடுத்தான்.

மூன்றையும் சேர்த்தேன். மிருதங்கம் முதல் அடியிலிருந்தே பின்தங்கியது. வயலின் முதல் பாட்டில் சரியாக இருந்தது. போகப்போக விலகி, கடைசிப் பாட்டில் கிணற்றுக்குள் பாடுவது போல எதிரொலித்தது. மறுபடி பாடு என்று அவளிடம் கேட்க முடியாது. பதற்றத்தில் வயலின் டிராக்கை முப்பது துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் காதால் கேட்டு நகர்த்தினேன். இரண்டு நாள் போனது. முடிவில் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி ஆனது. நல்ல வேளை, அசல் பதிவு மகளின் போனில் பத்திரமாக இருந்தது.

அப்போதுதான் பழைய வேலை நினைவுக்கு வந்தது. ரயில்வேயில் தினமும் 16 மணிக்கு நிலையங்களுக்கு நேரக் குறிப்பு வரும். எல்லா நிலையக் கடிகாரங்களையும் அதற்குச் சரிபார்ப்போம். கடிகாரம் தப்பு என்றால் இரண்டு விதம் உண்டு. ஒன்று, யாரோ ஐந்து நிமிடம் தள்ளி வைத்திருப்பார்கள். முள்ளைத் திருப்பினால் போதும். இன்னொன்று, தினமும் சில விநாடி முந்தும் அல்லது பிந்தும். அதற்கு முள்ளைத் திருப்பிப் பயனில்லை, ஓட்டத்தையே திருத்த வேண்டும். பாட்டுப் பதிவிலும் இதேதான். ஆகவே எதையும் நகர்த்துமுன் ஆரம்பம், நடு, முடிவு என மூன்று இடங்களில் விலகலை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

1. மூன்று இடத்திலும் ஒரே அளவு: இது தாமதம். கம்ப்யூட்டர் ஒலியை ஹெட்போனுக்கு அனுப்பவும், மைக்கில் வந்ததை வாங்கிப் பதியவும் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. வாசிப்பவர் சரியாக வாசித்தாலும் பதிவு பின்தங்கும். நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருள். அது இந்தத் தாமதத்துக்கு ஈடாக 130 மில்லி விநாடியைத் தானாகவே கழித்துக்கொள்ளும். ஆனால் உண்மையான அளவு கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும். அளப்பது சுலபம். அமைப்புகளில் அந்த எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மென்பொருளிலேயே தாளத் தட்டு ஒன்றை உருவாக்குங்கள். ஹெட்போனை மைக்கின் மேல் வைத்து அதை ஒலிக்கவிட்டுப் பதியுங்கள். இரண்டு தட்டுகளுக்கும் உள்ள இடைவெளியே உங்கள் தாமதம். என் கம்ப்யூட்டரில் 185 வந்தது. அதாவது 130 கழித்தும் 55 மில்லி விநாடி பாக்கி நின்றது. ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும். ஆக, மிருதங்கக்காரர் சுமார் 19 மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசித்த மாதிரி கேட்டிருக்கிறது. மிருதங்க டிராக்கை அதன் மேல்பட்டையைப் பிடித்து 55 மில்லி விநாடி இடப்பக்கம் இழுத்தேன். சரியாகிவிட்டது. இனி வரும் பதிவுகளுக்காக அமைப்பில் கழித்தல் 185 என்று எழுதிவிட்டேன்.

2. போகப்போக வளரும் விலகல்: ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் உண்டு. விநாடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகள் என்று எண்ணுவது அதுதான். இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் துல்லியமாக ஒன்றுபோல் ஓடா. எங்கள் பதிவில் பாட்டுக்கு முன்னும் பின்னும் பூஜை மணி அடித்திருந்தோம். மணிக்கு மணி அளந்தேன். கணக்குக்கு வசதியாகச் சொன்னால், கம்ப்யூட்டரில் 2400.00 விநாடி, போனில் 2400.24 விநாடி. வித்தியாசம் 0.01 சதவீதம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 8.6 விநாடி தப்பும் கடிகாரம் போல. சின்னத் தப்புதான், ஆனால் 40 நிமிடத்தில் கால் விநாடி ஆகிவிடுகிறது. வயலின் டிராக் முழுவதையும் தேர்ந்தெடுத்து, வேகம் மாற்றும் கட்டளையில் 0.010 சதவீதம் கூட்டினேன். பிறகு முதல் மணிகளை ஒன்றாக வைத்தேன். கடைசி மணிகள் தாமே ஒன்றாக விழுந்தன! இவ்வளவு சிறிய மாற்றத்தில் சுருதி மாறியதைக் காது கண்டுபிடிக்காது.

3. ஓரிடம் வரை சரி, பிறகு திடீரென்று தப்பு: பதியும்போது கம்ப்யூட்டர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டு ஒலியின் ஒரு துண்டைத் தவறவிட்டிருக்கும். அந்த ஓரிடத்தில் மட்டும் வெட்டி, பின்பகுதியை நகர்த்தினால் போதும். விட்டுப்போன ஒலி திரும்பி வராது. எனவே பதியும்போது மற்ற வேலைகளை எல்லாம் மூடிவிடுங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 48,000 மாதிரியில் பதிந்ததை 44,100 என்று தவறாக வாசிக்கவிட்டால் 40 நிமிடப் பாட்டு ஏறக்குறைய 43½ நிமிடமாக இழுக்கும். 5 கட்டைச் சுருதி நாலரைக்கும் நாலுக்கும் நடுவே போய் நிற்கும். பாடகர் மேல் பழி போடாதீர்கள்; கோப்பின் மாதிரி எண்ணைப் பாருங்கள்.

முன்கூட்டியே செய்யவேண்டியவை: ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம், தாமதம் மிக அதிகம். கம்பி ஹெட்போனே நல்லது. முடிந்தால் எல்லா மைக்கையும் ஒரே கருவியில் இணையுங்கள். கடிகாரமும் ஒன்றாகவே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அசலைத் தனியே நகல் எடுத்து வைத்துவிட்டு நகலில் மட்டும் கைவையுங்கள்.

அடுத்த நவராத்திரியில் கொலுவுக்கு முன் அந்தப் பதிவைப் போட்டோம். அவள் மடியில் தாளம் போட்டுக்கொண்டே முழுவதும் கேட்டாள். முடிந்ததும், "மூணாவது பாட்டுல அனுபல்லவியில நான் ஓடிட்டேன். அதைத் திருத்தலையா நீங்க?" என்றாள்.

"அது மெஷின் பண்ணின தப்பு இல்லையே, நீ பண்ணினது" என்றேன்.

"அப்ப இருக்கட்டும்" என்றாள்.

ஞாயிறு மாலைகளில் நான் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். வீட்டுப் பெரியவர்களின் பாட்டையோ பேச்சையோ பதிந்து, ஒட்டாமல் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து அளந்து பார்ப்போம்.