சிக்னல் கம்பியின் நீளம்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகள் சிலவற்றில், பாட்டுடன் ஒரு கீச்சொலியும் கேட்கும். எஞ்சினின் வேகம் கூடக்கூட அதன் சுருதியும் ஏறும். கம்பி நீண்டதால் வந்த கேடு இது என்றெண்ணி, எங்கள் சின்னக்கானல் ஓட்டுநர்கள் சிலர் விலையுயர்ந்த கம்பியைத் தேடுகின்றனர். இது தேவைதானா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ரேடியோவிலிருந்து ஆம்ப்ளிபையருக்குச் செல்லும் சிக்னல் கம்பியின் மின்தேக்கம் மீட்டருக்கு 100 பிகோபாரட் எனக் கொள்வோம்; 5 மீட்டருக்கு 500 ஆகும். ரேடியோவின் வெளியீட்டுத் தடை 1000 ஓம் எனில், ஒலி குறிப்பிடத்தக்க அளவு நலிவது ஏறத்தாழ 3,18,000 ஹெர்ட்ஸில். நம் செவியின் எல்லையோ 20,000 ஹெர்ட்ஸ்தான்! இடக் கம்பியும் வலக் கம்பியும் சம நீளமாக இருக்க வேண்டுவதுமில்லை. ஒரு மீட்டர் வேறுபாட்டால் நேரும் தாமதம் சுமார் 5 நானோவினாடியே.

அங்ஙனமாயின் கீச்சொலி ஏன்? ஆல்டர்னேட்டர் தரும் மின்னோட்டத்தின் அலைவு, பாட்டரிக் கம்பியை ஒட்டிச் செல்லும் சிக்னல் கம்பியில் புகுகிறது. ரேடியோவையும் ஆம்ப்ளிபையரையும் வெவ்வேறிடங்களில் எர்த் செய்தாலும் புகும். மிஞ்சிய கம்பியைச் சுருட்டிப் பாட்டரிக் கம்பியருகே திணிப்பதும் தீது.

ஆகவே, பாட்டரிக் கம்பியை ஒரு பக்கமாகவும் சிக்னல் கம்பியை மறுபக்கமாகவும் கொண்டு செல்க. கடக்க நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். இரண்டு கருவிகளையும் ஒரே இடத்தில் எர்த் செய்க. சிக்னல் கம்பி செல்லும் வழியிலேயே ஒரு கயிற்றை வளைத்து அளந்து, ஒரு சாண் கூட்டி வாங்குக. கயிற்றுக்குச் செலவில்லை, கடைக்குப் போகுமுன் அளந்துவிடுங்கள்.