மல்டிஃபங்ஷன் பிரிண்டரா, தனி ஸ்கேனரா? உங்கள் கடதாசிகளுக்கு எது நல்லது?

ஜெர்மனியில் எல்லாவற்றுக்கும் கடதாசி வேணும். அகதி விண்ணப்பத்தைப் பார்க்கும் பம்ஃப் அலுவலகம், சோஷியல் அலுவலகம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் "கொப்பி இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அதனால் சிலர் காசு சேர்த்து, சங்க அலுவலகத்துக்கு ஒரு மெஷின் வாங்க நினைக்கிறார்கள். எதை வாங்குவது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

வித்தியாசம் என்ன?

மல்டிஃபங்ஷன் பிரிண்டர் என்றால் பிரிண்ட், கொப்பி, ஸ்கேன் மூன்றையும் ஒரே மெஷின் செய்யும். சிலவற்றில் பக்ஸும் உண்டு. தனி ஸ்கேனர் கடதாசியைப் படமாக்கிக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும், அவ்வளவுதான். அதற்கு மை தேவையில்லை. சில மல்டிஃபங்ஷன் மெஷின்களில் மை முடிந்தால் ஸ்கேனும் நின்றுவிடும். இதற்காகவே 2021இல் அமெரிக்காவில் கேனன் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள்.

முதலில் தேவையைப் பாருங்கோ

1. கையெழுத்து வைத்து அனுப்பும் கடிதம். பம்ஃப் தரும் முடிவு (பெஷைட்) பாதகமாக வந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். எத்தனை நாளுக்குள், எந்தக் கோர்ட்டுக்கு என்பது பெஷைட்டிலேயே இருக்கும். சிலருக்கு ஒரு கிழமைதான் தவணை. இங்கே பெரும்பாலும் பாஸ்டியோன்ஸ்ட்ராஸ 39இல் உள்ள டுசல்டோர்ஃப் நிர்வாக நீதிமன்றம். சாதாரண ஈமெயிலில் வழக்குப் போட முடியாது. கடிதத்தில் கையெழுத்து வைத்துத் தபாலில் அல்லது பக்ஸில் அனுப்ப வேணும், இல்லையென்றால் நேரே கொண்டுபோய்க் கொடுக்க வேணும். தனி ஸ்கேனர் இந்த வேலைக்குப் போதாது. பக்ஸ் அனுப்பினால் மெஷின் தரும் அறிக்கையை எறியாதேங்கோ.

2. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, மடித்து மடித்துக் கிழிந்த பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பி போன்றவற்றைத் தாள் இழுக்கும் மேல் தட்டில் வைக்கவே கூடாது, கிழிந்துவிடும். கண்ணாடியில் வைத்து, 300 டிபிஐ அளவில், கலரில் ஸ்கேன் பண்ணுங்கோ. கலர் என்றால்தான் மங்கிய சீல் தெரியும்.

3. நூற்றுக்கணக்கான பக்கங்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே நல்ல பிரிண்டர் இருந்து, தினமும் கட்டுக்கட்டாக ஸ்கேன் பண்ண வேண்டியிருந்தால் மட்டும் தனி ஸ்கேனர் வாங்கலாம்.

ஆக, ஒரு மெஷின்தான் வாங்க முடியும் என்றால் கண்ணாடியும் பக்ஸும் உள்ள லேசர் மல்டிஃபங்ஷன் வாங்குங்கோ. லேசர் டோனர் தூள் என்பதால், பாவிக்காமல் கிடந்தாலும் மை போலக் காய்ந்து போகாது.

மெஷினை அப்படியே நம்பாதேங்கோ

2013இல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். செராக்ஸ் கம்பெனியின் வொர்க்சென்டர் மல்டிஃபங்ஷன் மெஷினில் ஒரு வீட்டு வரைபடத்தை ஸ்கேன் பண்ணியபோது, வேறு வேறு அளவுள்ள மூன்று அறைகளிலும் 14.13 சதுர மீட்டர் என்று ஒரே எண் வந்திருந்தது. வேறு பக்கங்களில் 6 என்பது 8 ஆகியிருந்தது. எழுத்து மங்கவில்லை, எண் தெளிவாகவே இருந்தது. ஆனால் பிழையான எண்!

காரணம் இதுதான்: ஃபைலைச் சின்னதாக்க, ஒன்றுபோலத் தெரியும் துண்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களிலும் அதையே மெஷின் போட்டுவிட்டது. செராக்ஸ் பிறகு அதைத் திருத்தியது. ஆனாலும் பாடம் எங்களுக்கு முக்கியம். உங்கள் பிறந்த தேதியிலோ அடையாள அட்டை இலக்கத்திலோ ஒரு எண் மாறினால், "முன்னுக்குப் பின் முரண்" என்று உங்கள் மேல்தான் சந்தேகம் வரும்.

மறக்கக் கூடாதவை

- ஒரிஜினலைக் கொடுக்க முதல் கொப்பி எடுங்கோ. கொடுத்ததற்கு ரசீது கேளுங்கோ.
- எழுத்துப் பக்கத்தோடு பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கோ. சீல் அங்கேயும் இருக்கலாம்.
- பெஷைட் வந்த மஞ்சள் கவரையும் ஸ்கேன் பண்ணி, பத்திரமாக வையுங்கோ. தபால்காரர் அதில் எழுதிய தேதியிலிருந்துதான் தவணை தொடங்கும்.
- ஃபைல் சிறிதாக வேணும் என்று மிகக் குறைந்த தரத்தைத் தெரிவு செய்யாதேங்கோ.
- அலுவலகக் கம்ப்யூட்டரில் உங்கள் ஃபைலை விட்டுவிட்டுப் போகாதேங்கோ.

பயிற்சி

இன்றைக்கு ஒரு பத்திரத்தை ஸ்கேன் பண்ணுங்கோ. ஒருவர் ஒரிஜினலில் உள்ள எண்களைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் கொப்பியைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். பெயர், தேதி, இலக்கம் மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் அந்தக் கொப்பியை ஃபைலில் போடுங்கோ.