பத்திரம் பேசும் ஊர்

கேள்வி: அமெரிக்காவின் ஹூஸ்டனில் யாரும் எங்கும் எதையும் கட்டலாமாமே?

பதில்: பாதி உண்மை. வீட்டுக்கு ஓரிடம், கடைக்கு ஓரிடம் என்று ஊரைப் பிரிக்கும் மண்டலச் சட்டத்தை ஹூஸ்டன் மக்கள் 1948, 1962, 1993 என மூன்று முறை வாக்களித்து நிராகரித்தார்கள். ஆனால், பல குடியிருப்புகளில் மனைப் பத்திரத்திலேயே நிபந்தனைகள் உண்டு. மீறினால் மாநகராட்சியே வழக்குப் போடலாம். 1998இல், 610 சுற்றுச்சாலைக்குள் குறைந்தபட்ச மனை அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை குறைக்க அனுமதித்தார்கள். ஒரு வீடு இருந்த மனையில் மூன்று வீடுகள் நெருக்கமாக எழுந்தன.

சிக்கல் தண்ணீரில். ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களில் வெள்ளம் தேங்கும் பரப்பிலும் வீடு கட்டினார்கள். 2017 ஹார்வி புயலின்போது ஆயிரக்கணக்கான வீடுகளில் நீர் புகுந்தது. அங்கே வீடு வாங்குபவர்கள் விலையைக் கேட்குமுன் வெள்ள வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.