ஜப்பானியக் கடைக்குப் போகிறீர்களா?

சென்னைக்குப் போகும் கள்ளக்குறிச்சிக்காரர்கள், ஒரு மாலை ஜப்பானியச் சாப்பாட்டையும் பார்த்துவிடலாம். நுங்கம்பாக்கத்து டாலியா உணவகம் அங்கே பழைய பெயர்.

சைவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது சூப்பைத்தான். மிசோ சூப்பில் காய்கறியே மிதந்தாலும், அடிச்சாறு பெரும்பாலும் உலர்ந்த சூரைமீன் சீவலில் காய்ச்சியது. ராமென் என்ற நூடுல்ஸின் சாறு பன்றி எலும்பில் காய்ச்சியதாகவும் இருக்கலாம். வெள்ளரிக்காய் சுருட்டிய கப்பா மாகியைத் தைரியமாகக் கேளுங்கள்.

பச்சையாக இருக்கிறதே என்று வசாபி என்ற கார விழுதைச் சட்னி போல வழித்துவிடாதீர்கள். நேரே மூக்கில் ஏறும்! சோற்றில் சாப்பிடும் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

வேலைக்காக டோக்கியோ போகிறவர்களுக்கு: 'இசகாயா' என்ற மதுக்கடையில் கேட்காமலே வரும் சிறு கிண்ணம் இலவசமல்ல. பெரும்பாலும் 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். டிப்ஸ் மட்டும் வேண்டாம். அங்கே அந்த வழக்கமே இல்லை.