"முடியல" என்று சொல்வது யார்?



டிரையத்லானில் ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் ஓய்வில்லாமல் முடிக்க வேண்டும். இதற்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வாரம் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போய், நான்காம் வாரம் குறைப்பார்கள். அந்த மூன்றாம் வாரம்தான் சோதனை. புதன்கிழமை வரும்போது படி இறங்கவே தொடை வலிக்கும்.

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. சிங்கப்பூரில் வேலை என்றால் விடிவதற்கு முன்பே மோட்டாரில் காஸ்வேக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். மாலையில் வீடு திரும்பி ஷூவைக் கையில் எடுக்கும்போது உள்ளே ஒரு குரல் கேட்கும்: "இன்னிக்கு முடியலப்பா, விட்டுடு."

அந்தக் குரலைக் கேட்பதா, மீறுவதா? இதுதான் இன்றைய பாடம். பதில் சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். பேசுவது மனமா, உடம்பா?

1. மனம் சொல்லும் "முடியல"

தைப்பூசத்தில் பார்த்திருப்பீர்கள். காவடி எடுத்தவர் களைத்து நடை தளரும்போது, சுற்றி நிற்பவர்கள் "வேல்! வேல்!" என்று குரல் கொடுப்பார்கள். உடனே அவர் கால் துள்ளும். அந்த ஒரு நிமிடத்தில் அவர் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பிறகு பலம் எங்கிருந்து வந்தது? உள்ளேதான் இருந்தது. மனம் அதைப் பூட்டி வைத்திருந்தது.

விளையாட்டு அறிவியலும் இதையொட்டிய ஒன்றைக் கண்டிருக்கிறது. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுமார் ஒரு மணி நேரம் வேகமாகச் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, விழுங்காமல் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. ஆனாலும் வேகம் கூடியது. "சாப்பாடு வருது" என்று வாய் மூளைக்குச் சொன்னதே போதுமானதாக இருந்தது. அதாவது, தசை முழுதாகக் காலியாவதற்கு முன்பே மூளை நம்மை நிறுத்தப் பார்க்கிறது.

இந்த வகைக் களைப்பை மீறலாம். திருக்குறளில் மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். சோம்பலை விடு, முயற்சி செய், துன்பம் வந்தால் கலங்காதே. நல்ல வரிசை!

செய்முறை எளிது. ஷூவைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் மெதுவாக ஓடுங்கள். உடம்பு இளகி மூச்சு சீரானால், பேசியது மனம்தான், தொடருங்கள். முழுத் தூரத்தை நினைக்க வேண்டாம், அடுத்த விளக்குக் கம்பம் வரை போதும். 'சரவணபவ' என்ற ஆறெழுத்தைக் காலடிக்கு ஏற்ப மனத்துக்குள் சொல்லிக்கொண்டே ஓடிப் பாருங்கள்.

2. உடம்பு சொல்லும் "முடியல"

அதே காவடிக்குப் பக்கத்தில் இன்னொருவரும் நடக்கிறார். அவர் கையில் ஒரு ஸ்டூல் இருக்கும். காவடி எடுப்பவரின் முகம் மாறினால், அவர் கேட்காமலே ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பார். "வேல் வேல்" சொல்பவர் எவ்வளவு முக்கியமோ, இவரும் அவ்வளவு முக்கியம்.

உடம்பு பேசும்போது அடையாளங்கள் இருக்கும். காலையில் எழுந்திருக்குமுன் நாடியை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சில நாள்களாகத் தொடர்ந்து கூடியிருக்கிறதா? களைத்திருந்தும் தூக்கம் வரவில்லையா? வலி ஒரே இடத்தில் குத்துகிறதா? சும்மா எரிச்சல் வருகிறதா? பத்து நிமிடம் ஓடியும் கால் இரும்பாகவே இருக்கிறதா? அன்று ஓய்வு எடுங்கள். அது தோல்வி இல்லை. பயிற்சி தசைக்கு வேலை கொடுக்கிறது. தசை பலப்படுவது ஓய்விலும் தூக்கத்திலும்தான்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை கொட்டும், ஆனால் சீக்கிரம் உலராது. அதனால் உடம்பு குளிராது. தலைசுற்றல், உளறல், தள்ளாட்டம், நெஞ்சுவலி, கறுத்த சிறுநீர் இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். நண்பர் வெயிலில் உளற ஆரம்பித்தால் 999-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிர்ந்த நீரால் அவர் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்குச் சமம்.

குறளில் வலியறிதல் என்றும் ஓர் அதிகாரம் உண்டு. கிளை நுனிக்கு ஏறியவன் அதற்கும் மேலே ஏற முயன்றால் உயிர் போகும் என்று வள்ளுவர் எச்சரிப்பது அங்கேதான். முயற்சியைப் புகழ்ந்த அதே வாய்தான் இதையும் சொன்னது.

3. ஒரு வீரரின் வாழ்க்கை

வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தனை நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1971-இல் இலங்கையிலிருந்து தமிழகத்துக்குப் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, திரும்பவும் நீந்தியே போனார். மொத்தம் 51 மணி நேரம்! மனம் சொல்லும் "முடியல"வை அவரைப்போல் வென்றவர்கள் குறைவு. 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் நீத்தார்.

அவரைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய மன உறுதிக்கும் கடல் இரக்கம் காட்டவில்லை. உடம்புக்கு எல்லை உண்டு. நமக்கும் உண்டு.

4. கீதை காட்டும் நடுவழி

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்கிறார்: மிகையாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாதவனுக்கும் இல்லை, அதிகம் தூங்குபவனுக்கும் இல்லை, விழித்தே கிடப்பவனுக்கும் இல்லை. பதினேழாம் அத்தியாயத்தில், அகந்தைக்காகவும் பகட்டுக்காகவும் உடலை வதைப்பதை அசுர குணம் என்கிறார். ஃபோனில் பதிவு போடுவதற்காகவே காய்ச்சலோடு ஓடுகிறோமே, அதை எதில் சேர்ப்பது? நீங்களே சொல்லுங்கள்.

இந்த வாரச் சாதனை

• தினமும் காலை நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள்.
• கடினமான நாளுக்கு மறுநாள் லேசான பயிற்சி மட்டும்.
• நீண்ட பயிற்சிக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பும் மாவுச்சத்தும் வேண்டும்.
• காஸ்வே தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் முதலில் தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். தூங்காத இரவுக்கு மறுநாள் ஓட்டம் ஈடாகாது.
• தனியாக நீந்தாதீர்கள்.

கலந்துரையாட

1. கடைசியாக நீங்கள் "முடியல" என்று விட்டது எப்போது? பேசியது மனமா, உடம்பா?
2. உங்களுக்கு "வேல் வேல்" சொல்பவர் யார்? ஸ்டூல் பிடிப்பவர் யார்?
3. நீங்கள் யாருக்கு ஸ்டூல் பிடிக்கிறீர்கள்?