படையின் படிநிலைகள்

நுழையும்முன்

ஆயிரம் பேர் ஓரிடத்தில் திரண்டால் அது கூட்டம். அந்த ஆயிரவரும் ஓர் ஆணைக்கு ஒருங்கே இயங்கினால் அது படை. கூட்டத்தைப் படையாக்குவதில் படைக்கலங்களைப் போலவே பகுத்து அமைக்கும் முறைக்கும் பங்குண்டு. அம்முறையை இந்தியத் தரைப்படையின் வழி இப்பாடம் விளக்குகிறது.

மூன்றின் பெருக்கம்

படையைச் சிறு அலகுகளாகப் பகுக்கும் எண்ணம் பழமையானது. ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் ஆகியவை சேர்ந்தது ‘பத்தி’ என்று மகாபாரதம் வகுக்கிறது. பத்தி மும்மடங்காகப் பலமுறை பெருகி, இறுதியில் பத்து மடங்காகி, 21,870 தேர்களைக் கொண்ட அக்குரோணி ஆகிறது.

இன்றைய காலாட்படையிலும் மூன்றின் ஒழுங்கைக் காணலாம். ஏறத்தாழப் பத்து வீரர்களைக் கொண்ட செக்‌ஷன் மிகச் சிறிய அலகாகும். ஹவில்தார் அல்லது நாயக் அதனை நடத்துவார். மூன்று செக்‌ஷன்கள் சேர்ந்தது பிளட்டூன். மூன்று பிளட்டூன்கள் சேர்ந்தது கம்பெனி. ஏறத்தாழ 120 வீரர்களைக் கொண்ட அதற்கு மேஜர் தலைமை ஏற்பார். நான்கு கம்பெனிகளும் துணைப்பிரிவுகளும் சேர்ந்து, ஏறத்தாழ 800 பேர் கொண்ட பட்டாலியன் அமைகிறது. கர்னல் அதன் தலைவர். மூன்று பட்டாலியன்கள் ஒரு பிரிகேடாகும். பிரிகேடுகள் டிவிஷனாகவும், டிவிஷன்கள் கோராகவும், கோர்கள் கமாண்டாகவும் விரிகின்றன.

பகுப்பின் பயன்

மூன்று அலகுகள் இருப்பின், இரண்டு முன்னின்று பொருத, மூன்றாவது நெருக்கடி நேரும் இடத்திற்கு விரையக் காத்திருக்கலாம். மேலும், போரின் ஆரவாரத்தில் ஒருவர் நேரே கண்டு நடத்தக்கூடியவர் சிலரே ஆவர். ஆதலால் பட்டாலியன் தலைவர் 800 பேருக்கும் தாமே ஆணையிடுவதில்லை. கம்பெனித் தலைவர்களுக்கு ஆணையிடுகிறார். அவ்வாணை படிப்படியாக இறங்கி, செக்‌ஷன் தலைவரின் குரலாகக் கடைசி வீரரைச் சென்றடைகிறது. அவ்வீரரின் பெயரும் ஊரும் இயல்பும் அத்தலைவருக்குத் தெரியும். துன்பம் சூழ்ந்த வேளையில் அந்த அறிமுகமே நம்பிக்கையாகிறது.

ரெசாங் லா

1962ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், லடாக்கின் சுஷுல் பகுதியில் உள்ள ரெசாங் லா கணவாயை, குமாவோன் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 13ஆம் பட்டாலியனின் ‘சார்லி’ கம்பெனி காத்து நின்றது. இடம் 16,000 அடிக்கும் உயரமானது. மற்றக் காவல்நிலைகளிலிருந்து விலகியது. இடையிலிருந்த மலைமுகடு, இந்தியப் பீரங்கிகளின் துணையைத் தடுத்தது.

சீனப்படை பெருந்திரளாகத் தாக்கியபோது, அங்கிருந்த 120 பேர் அளவிலான வீரர்கள் தத்தம் பிளட்டூன் நிலைகளில் நின்று பொருதனர். கம்பெனித் தலைவர் மேஜர் ஷைத்தான் சிங், குண்டுமழைக்கிடையே ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் சென்று அவர்களை ஊக்கினார். படுகாயமுற்ற தம்மைச் சுமந்து சென்றவர்களும் குண்டுமழைக்கு ஆளாகவே, தம்மை விட்டுச் செல்லுமாறு பணித்தார். அவருடன் நூற்றுக்கும் மேற்பட்டோர் வீரமரணம் எய்தினர். சில திங்கள் கழித்துப் பனியின் நடுவே அவர்தம் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. பலர் தம் பதுங்குகுழிகளில் படைக்கலம் ஏந்தியவாறே உறைந்திருந்தனர். ஷைத்தான் சிங்குக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது.

மேலிருந்து உதவி வராத நேரத்திலும் அச்சிற்றலகுகள் சிதறவில்லை. பெரும்படையின் வலிமை அதன் எண்ணிக்கையில் தொடங்குவதன்று; ஒருவரையொருவர் அறிந்த பத்துப் பேரிடம் தொடங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

இந்தியக் காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது, ஒரே பெயரும் மரபும் உடைய பல பட்டாலியன்களின் குடும்பமாகும். அப்பட்டாலியன்கள் வெவ்வேறு பிரிகேடுகளின்கீழ்ப் பணியாற்றும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் நீலகிரி மாவட்டத்து வெலிங்டனில் உள்ளது.