இராவணா-1 இறங்கியது எப்போது? கணக்கிடுவோம்

இராவணா-1 செய்மதி கீழிறங்கிய வேகத்தைப் பாடசாலைச் செயற்திட்டத்துக்காகக் கணிக்க விரும்புகிறேன். எந்த வளியடர்த்தி மாதிரியை எடுப்பது?
– உயர்தர மாணவி, உடப்பு

NRLMSISE-00 மாதிரியில் தொடங்குங்கள், மகள். அது இலவசம், சூரியனின் 10.7 சென்ரிமீற்றர் வானொலிக் கதிர்வீச்சு அளவும் புவிக்காந்தக் குறியீடும் கொடுத்தால் போதும், அடர்த்தியைத் தந்துவிடும். அடுத்து JB2008-இலும் அதே கணக்கைச் செய்து ஒப்பிடுங்கள். அது சூரியனின் புறவூதாக் கதிர் அளவுகளையும் காந்தப்புயலின் வலுவையும் சேர்த்துப் பார்ப்பதால், புயல் நாட்களில் பெரும்பாலும் அதுவே கைகொடுக்கும்.

உங்கள் ஊரில் கரைவலை இழுப்பவர்களுக்கு நீரோட்டம் மாறினால் வலையின் பாரமும் மாறுவது தெரியும். மேலேயும் அதே கதைதான். சூரியன் கொதித்தால் மேல்வளி சூடாகி உப்பும். செய்மதியின் பாதையில் காற்று தடிக்கும். 2022 பெப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் ஏறத்தாழ 40 அப்படித்தான் ஒரு காந்தப்புயலில் பறிபோயின.

இராவணா-1 சுமார் ஒரு கிலோ எடையுள்ள, 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சிறு பெட்டி. 2019 யூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் விடப்பட்டது. சூரியன் அமைதியாக இருந்த காலம் என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாக்குப்பிடித்து, 2021-இல் எரிந்து முடிந்தது.

அதன் பழைய சுற்றுப்பாதைத் தரவுகளை எடுங்கள். முதல் மூன்று மாத இறக்கத்துக்குப் பொருந்துமாறு இழுவைக் குணகத்தைச் சரிசெய்து, மிச்சத்தைக் கணியுங்கள். உண்மை உயரத்தோடு நெருங்கி வரும் மாதிரியே உங்களுக்கான மாதிரி. நம் நாட்டின் முதல் செய்மதியை நீங்களே அளந்து பார்ப்பது அருமையான செயற்திட்டம், துணிந்து இறங்குங்கள்!